குன்னூரில் மூன்று மணிக் காமெடி

ஜனவரி 24, 2025, வெள்ளி – பர்லியாறு வழியாகக் குன்னூர்

சென்னையிலும் கோவையிலும் ஸ்டாண்ட்-அப் காமெடி (ஒருவரே மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைப்பது) என்றால் சாயங்காலம் ஏழு, ஏழரைக்குமேல்தான். குன்னூரில் மதியம் மூன்று மணி. விளம்பரத்தில் பார்த்தால் அச்சுப்பிழை போலத் தோன்றும். மலைக்கு வந்தபிறகு வேறு நேரமே கிடையாது என்று புரிகிறது. ஐந்து, ஐந்தரைக்கு மூடுபனி இறங்கிவிடும். இருட்டினால் தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் காட்டுமாடு நிற்கும். எடப்பள்ளிக்கும் வண்டிச்சோலைக்கும் போக வேண்டியவர்கள் அதற்குமுன் வீடு சேரப் பார்க்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அன்றைக்கே கீழே இறங்குகிற உத்தேசம் இருக்கும். அவர்களுக்கு இல்லாவிட்டாலும் டிரைவருக்கு இருக்கும். மூன்றுக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடிகிற காட்சிக்குத்தான் இங்கே ஆள் சேரும்.

கிழமைக்கும் ஒரு கணக்கு உண்டு. மதியக் காட்சிக்கு ஞாயிறுதான் தோது. ஆனால் இந்த ஞாயிறு குடியரசு தினம், தமிழ்நாடு முழுக்க மதுக்கடையும் பாரும் மூடியிருக்கும். இதே மாதம் திருவள்ளுவர் தினத்தன்றும் அப்படித்தான். பாரில் நிகழ்ச்சி வைக்கிறவர்கள் நல்ல நேரம் பார்ப்பதற்குமுன் இந்தப் பட்டியலைப் பார்ப்பது உத்தமம். அதனால் நாங்கள் நடத்தும் காட்சி சனிக்கிழமை.

மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 34 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவு. வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஒரு கோளாறைத் தவிர. ஸ்பீக்கர் ஏற்றி வந்த வண்டி கடைசி நேரத்தில் மாறிவிட்டது. இ-பாஸ் பழைய வண்டியின் எண்ணில் இருந்தது. 2024 மே 7 முதல் ஊட்டி, குன்னூர் உள்ளிட்ட நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இந்தப் பாஸ் கட்டாயம். அது வண்டி எண்ணைப் பார்க்குமே தவிர ஆளைப் பார்க்காது. செல்போனிலேயே மறுபடி பதிந்து, சிக்னல் தேடி, சோதனைச் சாவடியில் இருபது நிமிடம் போயிற்று. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. சாமான் ஏற்றுவதானால் குன்னூர் வண்டியைக் கீழே வரச்சொல்லி ஏற்றுவது ஐந்நூறு ரூபாய் கூடுதலானாலும் லாபம்.

பர்லியாறில் டீ 15 ரூபாய், மிளகாய் பஜ்ஜி இரண்டு 20 ரூபாய். இங்கே வண்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கக் கூடாது. பின்சீட்டில் இருந்த மைக் பெட்டியைக் குரங்கு கிளறி, மைக்கின்மேல் மாட்டும் ஸ்பாஞ்சுத் தொப்பியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. ஒரு கடி கடித்துப் பார்த்து, பிடிக்காமல் பள்ளத்தில் போட்டது. நஷ்டமில்லை. ஷூர் எஸ்.எம்.58 மாதிரியான மைக்குகளின் கம்பிவலைக்குள்ளேயே ஒரு ஸ்பாஞ்சு இருக்கும். வெளித்தொப்பி திறந்தவெளிக் காற்றுக்குத்தான். அறைக்குள் அது பேச்சின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கத்தான் செய்யும்.

மாலை அறையைப் பார்த்தாயிற்று. வாசலில் பப் என்று பலகை. சட்டப்படி பார்த்தால் ஓட்டலுக்குள் எஃப்.எல்.3 என்ற மது உரிமத்தில் நடக்கும் பார். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது கிடையாது என்று பலகைக்குக் கீழே இன்னொரு பலகை. உள்ளே 30 அடிக்கு 20 அடி. கூரை ஒன்பது அடி உயரத்தில், மரப்பலகை அடித்தது. காமெடிக்குத் தாழ்ந்த கூரைதான் வேண்டும். சிரிப்பு மேலே போய்த் தொலைந்துவிடாமல் உட்கார்ந்திருப்பவர் தலைமேலேயே திரும்பி விழும். பத்துப் பேர் சிரித்தால் இருபது பேர் சிரித்த மாதிரி கேட்கும், அதைக் கேட்டு மீதிப் பேர் சிரிப்பார்கள். கல்யாண மண்டபத்தில் நல்ல காமெடியனும் தோற்பது இதனால்தான்.

கூரை நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் பாதகம். குறுகிய சுவர் ஒன்றில் தென்மேற்கைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு, தேயிலைச் சரிவு. மேடையை அந்த ஜன்னலுக்கு முன்னால் போட்டிருந்தார்கள். மலை ஓட்டல்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. "சார், வியூ பின்னாடி வந்தா போட்டோ நல்லா இருக்கும்ங்க" என்றார் மேனேஜர். ஜனவரி மாதத்து மூன்று மணி வெயில் அந்த ஜன்னல் வழியாகத்தான் நேரே உள்ளே வரும். வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கிற ஆளின் முகம் கறுத்துவிடும். காமெடியில் பாதிச் சிரிப்பு புருவத்துக்கும் உதட்டுக்கும் வருவது. முகம் தெரியாவிட்டால் அது வானொலி நாடகம்.

பேசிப் பேசி மேடையை நீளச் சுவரோரம், நடுவில் மாற்றச் சம்மதம் கிடைத்தது. அப்படிப் போட்டால் கடைசி வரிசையும் 18 அடிக்குள் வந்துவிடும். காமெடியன் தலையை இடமும் வலமும் கொஞ்சம் அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கும், அது பரவாயில்லை.

ஜனவரி 25, சனி – குன்னூர், காட்சி நாள்

காலையில் வெளியே 11 டிகிரி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து பேக்கரியில் வர்க்கி சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டீயில் தோய்த்து அது ஊறும் முன்னே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். தாமதித்தால் பாதி டம்ளருக்கு அடியில் கிடக்கும். இந்த நேரக்கணக்கு கைவந்தவர்கள் மேடையேறலாம். பஞ்ச், அதாவது சிரிப்பு வெடிக்க வேண்டிய வரியும், அதே நேரக்கணக்கைத்தான் கேட்கிறது.

பதினொன்றுக்கு அறையில் வேலை தொடங்கியது. இருபது சென்டிமீட்டர் உயரத்தில் ஆறுக்கு நான்கு அடி மரமேடை. அதற்குமேல் உயரம் வேண்டாம். காமெடியன் மேலேயிருந்து உபதேசம் செய்கிறவர் மாதிரி தெரியக் கூடாது. முதல் வரிசை மேடையிலிருந்து நான்கரை அடி. அதற்கும் தள்ளிப் போட்டால் நடுவில் ஒரு அகழி உண்டாகிவிடும், சிரிப்பு அதில் விழுந்து மூழ்கும். உணவு மேசைகளை எல்லாம் வெளியே எடுத்து, மூன்று நாற்காலிக்கு ஒரு சின்ன ஸ்டூல். அதில் மூன்று டம்ளரும் ஒரு தட்டும் வைக்கலாம், அவ்வளவுதான். பெரிய மேசை போட்டால் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து பாதிப் பேர் மேடைக்கு முதுகைக் காட்டுவார்கள்.

நாற்காலிகள் 45. அதில் முப்பதை மட்டும் போட்டு, பதினைந்தை அடுக்கிச் சமையலறை ஓரம் வைத்தாயிற்று. தமிழன் எங்கே போனாலும் பின்வரிசையில்தான் உட்காருவான். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பழக்கம். பின்வரிசையே இல்லாவிட்டால் வேறு வழியின்றி முன்னால் வருவான். முன்வரிசைகள் நிரம்பியபிறகுதான் அடுக்கி வைத்ததை எடுத்துப் போட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே காட்சி பாதி தேறிவிடும்.

ஒலிக்கு ஒரே ஒரு மைக், பத்து மீட்டர் வயர், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சின்ன மிக்ஸர், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு. வயர் மைக்தான் நல்லது. வயர் இல்லாத மைக்கின் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். ராத்திரி முழுக்க வண்டியில் கிடந்த கருவியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் திறந்தால் உள்ளே வியர்க்கும். பெட்டியை மூடியபடி ஒரு மணி நேரம் அறையிலேயே வைத்திருந்துவிட்டுத் திறக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே. பின்னால் வைத்தால் ஒலி மைக்குக்குள்ளேயே திரும்பிப் போய் வீறிடும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் மேடைப்பலகையில் கால் அதிர்வது கேட்காது. சோதிக்கும்போது "ஹலோ, ஒன், டூ" என்று முனகக் கூடாது. காட்சியில் கத்துகிற அளவுக்குக் கத்திப் பார்க்க வேண்டும்.

புதிதாக மேடையேறுகிறவர்களிடம் சொல்லவேண்டியது ஒன்றுதான். மைக்கின் கழுத்தைப் பிடி, தலையைப் பொத்தாதே. கம்பிவலையைக் கையால் மூடினால் முன்பக்க ஒலியை மட்டும் எடுக்கும் குணம் கெட்டு, நாலாபக்கமும் இருப்பதை எடுக்கத் தொடங்கும். உடனே 'கூ' என்று ஊளையிடும். ராப் பாடுகிறவர்களைப் பார்த்து இந்தப் பிடியைக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை மட்டும் இருந்தது, பயனில்லை. ஓட்டலின் பழுப்புக் கம்பளிகள் ஆறு வாங்கி, திரைக்கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டதில் முக்கால் ஜன்னல் மறைந்தது. மேல்பக்கம் ஓர் அடி திறந்தே இருந்தது. மேடைக்கு இரண்டு எல்.இ.டி. விளக்குகள், மஞ்சள் கலந்த வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் 45 டிகிரி கோணத்தில், எட்டடி உயரத்தில். அறையின் மற்ற விளக்குகள் அணைய வேண்டும். இருட்டில் இருப்பவன்தான் வாய்விட்டுச் சிரிப்பான். பக்கத்தில் மாமனார் இருப்பது தெரிந்தால் எவனும் அடக்கித்தான் சிரிப்பான்.

குளிருக்கு என்ன செய்வது என்று ஒரு விவாதம். கரி போட்ட கணப்பு கொண்டுவரட்டுமா என்று பணியாளர் ஒருவர் கேட்டார். கதவடைத்த அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது, தூக்கம் மாதிரி வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். குளிர் பிரதேசங்களில் ராத்திரிக் கணப்பால் உயிர் போவது புதிதில்லை. எலெக்ட்ரிக் ஹீட்டரின் விசிறி 'ர்ர்ர்' என்று பின்னணி இசை கொடுக்கும். இரண்டும் வேண்டாம். உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளிடமிருந்து ஏறக்குறைய 100 வாட் சூடு வெளியாகும். நாற்பது பேர் என்றால் நான்கு கிலோவாட். இரண்டே முக்கால் வரை ஹீட்டரை ஓட விட்டு, கதவைச் சாத்தியதும் நிறுத்தினால் போதும். மூன்றரைக்கு ஸ்வெட்டர்கள் கழன்றன.

மதியச் சாப்பாடு கடைவீதி மெஸ்ஸில், 120 ரூபாய். கேரட் பீன்ஸ் பொரியல் இனித்தது. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் வைக்காமல் வேகவைத்த கொண்டைக்கடலை எங்கே கேட்டாலும் கொஞ்சம் கடிபடத்தான் செய்யும். பரிமாறியவர் ரசம் ஊற்றும்போது, "மூணு மணிக்கு அங்க போறீங்களா? சிரிப்பு வரலைன்னா காசு திரும்பத் தருவாங்களா?" என்று கேட்டார். நாள் முழுக்கக் கேட்டதில் இது ஒரு நல்ல வரி.

டிக்கெட் 300 ரூபாய், அதில் 150 சாப்பாட்டுக் கூப்பனாகக் கழியும். வந்தவர்கள் 41. சிறிய இடங்களில் சாதாரணமாக டிக்கெட் பணம் கலைஞர்களுக்கு, குடி, சாப்பாட்டு வரவு ஓட்டலுக்கு என்றுதான் பேசுவார்கள். இங்கே கூப்பன் கழித்தால் கலைஞர்கள் பங்கு 6,150 ரூபாய். ஏழு பேருக்கும் கோவையிலிருந்து வந்த பெட்ரோலுக்கும் அதிலிருந்துதான். காமெடியில் பணம் கொழிக்கிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வரிசை இப்படி. நிகழ்ச்சியைத் தொகுக்கும் ஹோஸ்ட் பத்து நிமிடம். பிறகு நான்கு ஓப்பன் மைக் ஆட்கள் (மேடையேறிப் பழகும் புதியவர்கள்), ஆளுக்கு ஐந்து நிமிடம். அடுத்து பதினைந்து நிமிடம் ஒருவர், இடைவேளை பத்து, கடைசியாக முக்கியக் கலைஞரான ஹெட்லைனர் நாற்பது நிமிடம். ஓப்பன் மைக்கில் நான்காவது நிமிடத்தில் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை ஒருமுறை காட்டுவார்கள். ஐந்தில் இரண்டு முறை. ஆறிலும் இறங்காவிட்டால் பாட்டைப் போட்டுவிட வேண்டும். லண்டனில் 1979-இல் தொடங்கிய காமெடி ஸ்டோரில் ஆரம்பத்தில் இதற்கு ஒரு சேகண்டியே வைத்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரே அடி, ஆள் இறங்கிவிட வேண்டும். டார்ச் வெளிச்சம் எவ்வளவோ கருணை.

ஹோஸ்ட்டின் வேலையைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை அது. வருகிறவனை அறிமுகப்படுத்துவது, கூட்டத்தைப் பழக்குவது, விழுந்த இடத்தைத் தூக்கி நிறுத்துவது. இன்றைய ஹோஸ்ட் கோவைக்காரர். முதல் இரண்டு நிமிடம் நகைச்சுவையே சொல்லவில்லை. எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே போனார். பெங்களூரிலிருந்து ஒரு கூட்டம், வெலிங்டனில் ராணுவப் பணியில் இருக்கும் இரண்டு குடும்பம், மீதி உள்ளூர். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற இந்தக் கணக்கைப் பின்னால் வரப்போகிற ஆறு பேருக்கும் சேர்த்துத்தான் அவர் எடுக்கிறார்.

முதல் ஆள் "ஊட்டிக் குளிர்" பற்றித் தொடங்கினார். பெங்களூர்ப் பக்கம் சிரித்தது, உள்ளூர்ப் பக்கம் சும்மா இருந்தது. குளிர் உள்ளூர்க்காரனுக்குச் செய்தியே இல்லை. இரண்டாவது ஆளுக்கு நேர்ந்தது வேறு. பஞ்ச் சொல்லப்போகிற நேரத்தில் சமையலறைக் கதவு திறந்து ஒரு சிஸ்லர் தட்டு 'ஸ்ஸ்ஸ்' என்று அறை நீளத்துக்கும் பவனி வந்தது. எல்லாத் தலையும் புகைக்குப் பின்னால் திரும்பியது. அவர் மிச்ச மூன்று நிமிடமும் கூட்டத்தைத் திரும்பப் பிடிக்கவில்லை. காட்சி நேரத்துக்கென்று தனி மெனு வைக்க வேண்டும். சிஸ்லர், மிக்ஸியில் அடிக்கும் பானம், அப்பளம் மூன்றும் அதில் இருக்கக் கூடாது. காளான் பெப்பர் ஃப்ரை (280 ரூபாய், மிளகு தாராளம்) சத்தமில்லாத பண்டம், அது இருக்கலாம்.

மூன்றாவதாகக் கோத்தகிரிப் பெண் ஒருவர், இருபத்தைந்து வயது இருக்கலாம். கை நடுங்கியதால் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுக்கவே இல்லை. அது புத்திசாலித்தனம். அவர் சொன்னது:

"கோயம்புத்தூர்ல வேலைக்கு லேட்டானா டிராஃபிக்குனு சொல்லுவாங்க. இங்க காட்டுமாடுனு சொல்லணும். போன வாரம் சொன்னேன். போட்டோ அனுப்புன்னாரு மேனேஜர். அனுப்புனேன். 'ஏம்மா... இது போன மாசம் வந்த அதே மாடு'ங்கிறாரு."

உள்ளூர்ப் பக்கம்தான் முதலில் வெடித்தது. பெங்களூர்ப் பக்கம் அரை வினாடி கழித்து வந்து சேர்ந்துகொண்டது. ஊர் விஷயத்தைச் சொன்னால் வெளியூர்க்காரனுக்குப் புரியாது என்ற பயம் தேவையில்லை. மேனேஜர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

அதே பெண்ணின் இன்னொரு வரி கைத்திறனுக்காகக் குறித்துக்கொள்ள வேண்டியது. "எங்க தாத்தா அந்தக் காலத்துலயே எஸ்டேட்ல வாங்குனவரு." ஒரு மூச்சு விட்டு, "ஏச்சு." எழுத்துத் தமிழின் ஒழுங்குப்படி 'ஏச்சு வாங்கினவர்' என்றுதான் வரும். அப்படிச் சொன்னால் சிரிக்க வேண்டிய சொல் முன்னாலேயே வெளிப்பட்டு, வினைச்சொல் அதன்மேல் மண்ணள்ளிப் போட்டுவிடும். தமிழில் வினை கடைசியில் வருவது காமெடியனுக்கு ஒரு தொந்தரவு. பேச்சுத் தமிழில் சொல்லை இழுத்துக் கடைசியில் போட வசதி இருப்பது வரப்பிரசாதம். ஆங்கிலக் காமெடியைப் பார்த்து எழுதிப் பழகியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு 'தான்', ஒரு 'னு சொன்னாங்க' ஒட்டிக்கொண்டாலே சிரிப்பு கால்வாசி குறையும்.

நான்காவது ஆள் மாமியார் நகைச்சுவை. கூத்துக் காலத்துச் சரக்கு. டார்ச் காட்டும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

மூன்று நாற்பதுக்கு நான்கு பேர் தாமதமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள், நேரே வெளிச்சத்துக்குள். ஹோஸ்ட் நிறுத்தி, அவர்களைப் பார்த்து இரண்டே சொல் கேட்டார்: "போட்டோ இருக்கா?" அன்றைய மதியத்தின் பெரிய சிரிப்பு இதுதான். வந்த நால்வருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, அது சிரிப்பை இன்னும் கூட்டியது. முன்னால் சொன்னதைப் பின்னால் எதிர்பாராத இடத்தில் திரும்ப எடுப்பதைக் கால்பேக் என்பார்கள். அடுத்தவருடைய வரியை எடுத்தால் காட்சி முடிந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. ஹோஸ்ட் சொன்னார்.

பிறகு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் பிடிக்கப் பன்னிரண்டு வினாடி. மேடையில் இருந்தவர் நிறுத்தாமல் இருட்டிலேயே குரலை உயர்த்திச் சொல்லி முடித்தார், கைதட்டல் கிடைத்தது. ஆபத்து அதற்கப்புறம்தான். மின்சாரம் திரும்பும்போது ஸ்பீக்கர் 'டப்' என்று வெடிக்கும். போன உடனே மிக்ஸரில் மாஸ்டர் ஒலியை இறக்கிவிட்டு, வந்தபிறகு மெல்ல ஏற்ற வேண்டும். போடும்போது மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். மிக்ஸருக்கு மட்டும் கம்ப்யூட்டர் யு.பி.எஸ். ஒன்றைக் கொடுத்தால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை.

இடைவேளை முடிந்து நான்கு மணி சுமாருக்கு நடந்ததுதான் யாரும் ஏற்பாடு செய்யாதது. கம்பளிக்குமேல் ஓர் அடி திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கடைசி வரிசையின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த வெயில் போய்விட்டது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி, கண்ணாடியை வெள்ளையாக்கி, பிறகு சாம்பலாக்கியது. ஐந்தே நிமிடத்தில் அறை இருண்டது. ஹெட்லைனர் மேடையேறும்போது அவர் முகமும் முன்வரிசையும்தான் தெரிந்தன. இந்தத் தொழிலில் நிமிடத்துக்கு எத்தனை சிரிப்பு என்று எண்ணுகிற வழக்கம் உண்டு. முதல் பாதியில் நிமிடத்துக்கு இரண்டைத் தாண்டவில்லை. இப்போது நான்கு, ஐந்து என்று வந்தது. அவர் திறமைசாலிதான். ஆனால் அதில் ஒன்றிரண்டு மூடுபனியுடையது.

குடியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, பாரில் எல்லோரும் சும்மாவே சிரிப்பார்கள் என்று. முதல் பெக் கூட்டத்தை இளக்கும். மூன்றாவது பெக் கேட்கிற பொறுமையைக் கெடுக்கும். நான்கு இருபதுக்கு இடது பக்கம் ஒருவர் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தார். ஹெட்லைனர் முதல்முறை சிரித்துவிட்டார், இரண்டாம்முறை அவரையே வைத்து ஒரு வரி சொன்னார். மூன்றாம்முறை மேடையிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. பணியாளர் ஒருவர் குனிந்து, "அண்ணா, கொஞ்சம் மெதுவா... பின்னாடி பெரியவங்களுக்குக் கேக்கலியாம்" என்றார். மனிதர் உடனே கையெடுத்துக் கும்பிட்டு அமைதியானார். மேடையில் இருந்து சண்டை போட்டால் குடித்தவர் ஜெயித்தாலும் நஷ்டம், தோற்றாலும் நஷ்டம். அந்தப் பணியாளருக்குத்தான் அன்றைக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு தவறு நேர்ந்தது. பெங்களூர்க் கூட்டத்தின் டிரைவர் அவசரப்படுத்த, நான்கு முப்பத்தைந்துக்கே அவர்கள் பகுதிக்கு பில் வந்துவிட்டது. ஒன்பது தலை குனிந்தது, மூன்று செல்போன் வெளிச்சம் எரிந்தது, "சிஸ்லர் யாருது?" என்று விசாரணை. ஹெட்லைனருடைய கடைசிப் பத்து நிமிடம்தான் அவரது சிறந்த பத்து நிமிடம். கால் பங்கு அறை அதைக் கேட்கவில்லை. பில்லை இடைவேளையில் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முடிந்த பிறகு. நடுவில் கொடுக்கக் கூடாது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடிந்தது. கைதட்டல் மந்தமாகக் கேட்டது. பிடிக்காமல் இல்லை. வெளியே கிளம்ப மறுபடி போர்த்திக்கொண்டு பாதிப் பேர் கையைச் சால்வைக்குள் வைத்துத் தட்டினார்கள், இரண்டு பேர் கையுறையோடு. சமவெளியிலிருந்து வருகிற காமெடியன்கள் இதைக் கேட்டு மனம் நொந்துபோவார்கள். மலையில் கைதட்டலை நம்பாதே, தோள் குலுங்குகிறதா என்று பார்.

ஜனவரி 26, ஞாயிறு – ஊட்டி

மதுவில்லா நாள். பார் பூட்டியிருக்க, அதே கலைஞர்களில் மூன்று பேர் ஊட்டியில் ஒரு காபிக்கடையில் பன்னிரண்டு மணிக்கு ஓப்பன் மைக் வைத்திருந்தார்கள். குன்னூரிலிருந்து மலை ரயில். குன்னூர் வரை ஏறிவருகிற பற்சக்கரத் தண்டவாளம் இங்கே தேவையில்லை, டீசல் எஞ்சின் இழுக்கிறது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தி நிலையத்தில் வெங்காயப் போண்டா விற்றவர் சில்லறை இல்லை என்றதும், "அடுத்த தடவை குடுங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஊட்டி 2,240 மீட்டர், குன்னூரைவிட ஏறக்குறைய 400 மீட்டர் மேலே. நிழலில் இருந்த புல்லில் காலை உறைபனி பதினோரு மணிக்கும் மிச்சமிருந்தது. காபிக்கடை பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி, நாற்காலி இருபது. மைக்கே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், சரியான முடிவு. இந்த அளவு அறையில் மைக் வைத்தால் பக்கத்தில் இருப்பவனிடம் மெகாபோனில் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் காபி மெஷினின் ஆவிக்குழாய் சிஸ்லருக்கு அண்ணன். கடைக்காரரோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இரண்டு நிமிடத்தில் மட்டும் பால் நுரைப்பது. அவர் அதைச் சொன்னபடி காப்பாற்றினார், ஒரே ஒரு கப்பச்சினோவைத் தவிர.

வந்தவர்கள் 17. யாரும் குடித்திருக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். குன்னூரில் முதல் பாதியைக் கெடுத்த அதே வெளிச்சம் இங்கே அவ்வளவு கெடுக்கவில்லை. தோளோடு தோள் இடிக்கிற நெருக்கம் அதை ஈடுகட்டியது. கோத்தகிரிப் பெண் இன்று கை நடுங்காமல் பேசினார். காட்டுமாட்டுக்குப் பிறகு ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார்: "இப்ப அந்த மாட்டைப் பாத்தா நானே கேக்குறேன், 'இன்னிக்கு லீவா?'" சிரித்து முடிக்கும்முன் அதன்மேலேயே இன்னொன்றை வைப்பது. தொழிலில் டேக் என்பார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் ஒரு ராத்திரியில் எழுதியது.

காபி 90 ரூபாய், டிக்கெட் இல்லை. முடிந்ததும் தொப்பியை நீட்டினார்கள், 1,140 ரூபாய் விழுந்தது.

மைக் வயரை முழங்கையில் சுற்றி முறுக்காமல், ஒரு சுற்று உள்பக்கம், ஒரு சுற்று வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. இறங்கும்போது கோத்தகிரி வழி. சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் பெட்டியைத் தட்டி, "உள்ள என்ன?" என்றார். காமெடி சாமான் என்றதும் திறக்கச் சொன்னார், திறந்ததும் வர்க்கிப் பொட்டலத்தைத்தான் பார்த்தார். "எந்தக் கடை?" சொன்னோம். "அங்க இப்பல்லாம் நெய் கம்மி" என்று சொல்லிக் கையசைத்து அனுப்பினார்.